சந்தனப் பேனாவுக்கு என்ன பூசுவது?

உங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் எதற்காகச் சண்டை போட்டுக்கொள்வீர்கள்? எங்கள் வீட்டில் போன மாதம் சூப்பர் குளூவுக்காகப் போட்டோம்.

சிரிக்காதீர்கள். விஷயம் பெரியது.

என் மனைவி சகுந்தலா மரப்பேனா செய்கிறவர் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன் — பக்கத்து ஊரான மேருவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பாலிஷ் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்குமா? கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் சின்னதாக ஒரு கடைசல் மெஷினைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கார் வெளியேதான் நிற்கிறது. பல நேரம் நானும்.

பேனா செய்வதில் மரத்தைக் கடைவது பாதி வேலைதான் என்பார். மீதிப் பாதி, அதன் மேல் என்ன பூசுவது என்பது. மெழுகு தேய்த்தால் தொடுவதற்கு இதமாக இருக்கும். ஆனால் நம் ஊர் வேர்வைக்குச் சீக்கிரம் மங்கிவிடும். எண்ணெய் என்றால் ஊறிக் காய நாளாகும். சூப்பர் குளூ இருக்கிறதே... நாம் செருப்பு ஒட்டுகிற அதே சாமான்தான். சுழலும் மரத்தில் துளித் துளியாக விட்டு, டிஷ்யூ பேப்பரால் இழுத்து, காய வைத்து, மறுபடி விட்டு, கடைசியில் தேய்த்து எடுத்தால் — கண்ணாடி. முகம் பார்க்கலாம். வேர்வையும் ஏறாது, மையும் ஏறாது. தீபாவளிச் சந்தையில் சனங்கள் முதலில் கை வைப்பது அதில்தான்.

போன தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸில் கடை போட்டபோதுதான் மாலதி பழக்கமானாள். பிறந்ததிலிருந்தே கண் தெரியாத பெண். சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனியில், போனில் கூப்பிடுகிற வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. வேலைக்கேற்ற வாய். முதல் நாளே சகுந்தலாவிடம், தனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளைக்குக் கண் நன்றாகத் தெரியும், தெரிந்தே சம்மதித்திருக்கிறார் பாவம் என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்கே வந்துவிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே சந்தனக் கட்டை. தேய்ந்து தேய்ந்து ஒரு முனை சாய்ந்துபோயிருந்தது.

அவள் அப்பாவுடையது. போன வருடம் இறைவனடி சேர்ந்தவர். தினமும் காலையில் கல்லில் சந்தனம் அரைத்து, சாமிக்கு வைத்துவிட்டு, மகள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துத்தான் பள்ளிக்கு அனுப்புவாராம். அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. கண்ணாடி பார்க்காத பெண்ணுக்கு, நெற்றியில் பொட்டு இருக்கிறது என்று வேறு எது சொல்லும்? வாசம்தானே! அவர் போன பிறகு அந்தக் கட்டை சாமி அறையில் சும்மா கிடந்திருக்கிறது. அம்மாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கோயிலில் திருமணப் பதிவுக்குக் கையெழுத்துப் போட, அந்தக் கட்டையில் ஒரு பேனா வேண்டும் என்றாள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதானாம். போகிற இடத்திலெல்லாம் அவளைப் பார்த்ததும் கட்டைவிரல் ரேகைக்கு மையை நீட்டுகிறார்கள். இவள் விடமாட்டாள். நடுவில் கோடு போல வெட்டிய ஓர் அட்டை வைத்திருக்கிறாள். அதைத் தாளின் மேல் வைத்துவிட்டால் போதும், நேராகப் போட்டுவிடுவாள்.

"அன்னைக்கு அப்பா பக்கத்துல இருக்கணும் ஆன்டி. அவ்ளோதான்" என்றாள்.

சகுந்தலா அந்தக் கட்டையை ஒரு நாள் முருகன் படத்தின் முன்னால் வைத்திருந்துவிட்டுத்தான் மெஷினில் மாட்டினார். கடையும்போது வீடே கோயிலாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வேலி ஓரம் வந்து, இது எந்தக் கடை ஊதுபத்தி என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கடைந்து முடித்ததும், என்ன பூசுவது? நாங்கள் யோசிக்கவே இல்லை. கல்யாணப் பெண். இன்னொரு கட்டை கிடைக்காது. நம்மிடம் இருப்பதிலேயே உசத்தியானது எதுவோ அதைத்தானே கொடுப்போம்? சகுந்தலா சூப்பர் குளூவை அடுக்கடுக்காக ஏற்றினார். பேனாவைப் பொருத்தி என் கையில் கொடுத்தபோது என் மூக்குக்கண்ணாடி அதில் தெரிந்தது. பொண்ணு பார்த்தா அசந்துபோகும் என்றேன். சொன்ன எனக்கும் உறைக்கவில்லை. கேட்ட அவருக்கும் உறைக்கவில்லை.

மாலதி வந்தாள். பேனாவைக் கையில் வாங்கி விரலை ஓட்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். எடுத்தாள். மறுபடி கொண்டுபோனாள்.

வழவழவென்று நன்றாக இருக்கிறது, ரொம்ப தேங்க்ஸ் என்றாள். பேனாவைத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

சகுந்தலா சட்டென்று அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கழுவி வைத்த கண்ணாடி டம்ளரை முகர்ந்தது போல இருந்தது. உள்ளே சந்தனம் இருக்கிறது... மேலே மூடி போட்டு அடைத்துவிட்டோம்.

கண் இருக்கிறவர்களின் கோளாறு இது. மின்னுவதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இங்கேதான் சண்டை தொடங்கியது. பூச்சை எடுத்துவிடுகிறேன் என்றார் சகுந்தலா. வேண்டவே வேண்டாம் என்றேன் நான். பூச்சை எடுக்க, அழுத்திப் பொருத்திய பேனாவைத் தட்டித் தட்டிக் கழற்ற வேண்டும். உள்ளே பித்தளைக் குழாய். அதன் மேல் மரம் இருப்பதோ மெல்லிசாக ஒரு சுற்று. ஒரு தட்டு தப்பினாலும் விரிந்துவிடும். பிறகு பேனாவும் இருக்காது, கட்டையும் இருக்காது. வாசம் போனாலும் பொருளாவது மிஞ்சட்டுமே என்றேன். பொருளை வைத்து அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று அவர் திருப்பிக் கேட்டார். குரல் ஏறியது. வந்த பெண் உட்கார்ந்திருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

"அங்கிள்," என்றாள் மாலதி. "கட்டையா இருந்தப்ப அதுல அப்பா இருந்தாரு. இப்ப பேனா மட்டும்தான் இருக்கு. உடைஞ்சா உடையட்டும் லா. நீங்க கழட்டுங்க ஆன்டி."

நான் எழுந்து சாமி அறைக்குப் போய்விட்டேன். போர்ச்சிலிருந்து தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நான் ஒரு 'முருகா' போட்டேன். அன்றைக்கு முருகனுக்கே காது வலித்திருக்கும்.

சத்தம் நின்றது. பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். சகுந்தலாவின் உள்ளங்கையில் பேனாவின் மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு மரத்துண்டுகளும் விரிசல் இல்லாமல் முழுசாக இருந்தன.

மறுபடி மெஷினில் மாட்டி, மணல்தாளை வைத்தார். வெள்ளையாகத் தூள் பறந்தது. ஆனால் எவ்வளவு தேய்ப்பது? குறைத்தால் மரத்துக்குள் ஊறிய கோந்து அப்படியே இருக்கும். கூடினால் பித்தளை எட்டிப் பார்க்கும். எது கோந்து, எது மரம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. மாலதி நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கோந்து வாசம் வருது ஆன்டி... இன்னும் கொஞ்சம்... ம்... இன்னும்..."

சகுந்தலா கண்ணை மரத்திலும் காதை அவளிடமும் வைத்துத் தேய்த்தார். பிறகு மாலதியின் கை மேலே எழுந்தது.

"போதும், நிப்பாட்டுங்க. வந்துட்டாரு."

மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு அந்த வாசம் வந்தது.

சரி, இப்போது என்ன பூசுவது? மெழுகு பூசினால் மெழுகு வாசம் வரும். எண்ணெய் பூசினால் எண்ணெய் வாசம் வரும். சகுந்தலா எழுந்து சாமி அறைக்குப் போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். முதலில் கடைந்தபோது விழுந்த சந்தனச் சீவல்! குப்பையில் போட மனம் வராமல் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் ஒரு கை அள்ளி, சுழலும் மரத்தின் மேல் அழுத்திப் பிடித்தார். அவ்வளவுதான் பூச்சு. அந்தக் கட்டையின் சீவலே அதைத் தேய்த்துவிட்டது. மினுக்கு இல்லை, காலையில் குளித்துவிட்டு வருகிற முகம் போல ஒரு தெளிவு.

இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? மேலே ஒன்றும் பூசாத மரம் வேர்வை பட்டுக் கறுத்துப்போகும், அழுக்கு ஏறும் என்று எச்சரித்தேன்.

"அழுக்கானா எனக்குத் தெரியவா போகுது, அங்கிள்?" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பதிவு நடந்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கோயில். பதிவாளர் நல்ல மனிதர். கட்டைவிரல் பேச்சையே எடுக்கவில்லை. மாலதி அட்டையை வைத்து, பேனாவை ஒரு தடவை முகர்ந்துவிட்டு, நேராகப் போட்டாள். அதே பேனாவில் மாப்பிள்ளை போட்டதுதான் கோணலாகப் போனது. அடுத்து சாட்சிக் கையெழுத்து — மாலதியின் அம்மா.

அதிகம் பேசாதவர். பேனாவை வாங்கினார், நிதானமாகப் பெயரை எழுதினார். எழுதி முடித்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்த விரல்களை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பதிவாளர் தன் கையெழுத்தைப் போடுவதற்காகப் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

அந்த அம்மா அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நீங்க உங்க பேனாவுலயே போட்டுக்கங்க, தம்பி."