காலை ஒன்பது மணிக் கப்பல்

நீங்கள் சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாதவன் நான். ஆயுத பூஜைக்கு மிஷின் முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கினால், காலில் பட்டு எவனாவது வழுக்கி விழப்போகிறான் என்று அன்றைக்கே பெருக்கித் தள்ளுகிற ஆள். எங்கள் ஊர் நாகரசம்பட்டியில் மாந்தோப்புக் காவலுக்குப் போய் எதையோ பார்த்ததாகக் காய்ச்சலில் படுத்தவர்களை நானே வாய் வலிக்கக் கிண்டல் செய்திருக்கிறேன். டி.வி. தொடர்களும் அப்படித்தான் எனக்கு. அதிலும் விண்வெளி, ராக்கெட் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

ஓசூரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், தகட்டை அழுத்தி வடிவமாக்குகிற பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஏழு வரை. என் மனைவி கவிதா செல்போன் பாகங்கள் செய்கிற இன்னொரு கம்பெனியில், அவளுக்குப் பகல். கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற ரோட்டில் வாடகை வீடு. அவளை ஏற்றிப் போகிற பஸ் காலை ஆறரைக்கு வரும், என்னை இறக்கிவிடுகிற பஸ் ஏழே முக்காலுக்கு வரும். சாயங்காலமும் அதே கூத்துதான், நான் ஆறு மணிக்குக் கிளம்பினால் அவள் ஆறரைக்கு வந்து இறங்குவாள். எங்களை மாதிரி லைன் ஆட்களின் போனை இரண்டு கம்பெனியிலும் வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகத்தைப் பார்த்துக்கொள்வோம், அன்றைக்கும் பாதி நேரம் இருவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்போம்.

ஆகவே எங்கள் பேச்சு எழுத்தில்தான் நடந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி பிரிட்ஜ் மேல் வைத்துவிடுவோம். "கேஸ் புக் பண்ணியாச்சு." "ரசம் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க." கல்யாணமாகி ஆறு வருடம், கொஞ்ச நாளாக நான் பதில்கூட எழுதுவதில்லை, பார்த்தேன் என்பதற்கு ஒரு டிக் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போடவும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டுமே.

போன வருடம் மாங்காய் சீசன் முடிகிற சமயம் ஒருநாள் காலை, சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். அடியில் கிடந்த ரிமோட் அமுங்கி, ஏதோ ஒரு நம்பருக்கு டி.வி. போய்விட்டது. மணி ஒன்பது. திரையில் இரும்புச் சுவர், மங்கலான லைட், ஒருவன் கையைத் துடைத்துவிட்டு ஒரு ரிஜிஸ்டரில் "ஆயில் லெவல் சரி" என்று எழுதிக்கொண்டிருந்தான். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது கப்பல், கடலில் போகிற கப்பல் இல்லை, ஆகாயத்தில். எங்கேயோ போகிறது, போய்ச் சேர இன்னும் நூறு வருடம் ஆகுமாம்.

துப்பாக்கி இல்லை, பச்சை நிற மனிதர்கள் இல்லை. அந்தக் கப்பலை ஓட்டுகிறவர்கள் மூன்று ஷிப்ட் ஆட்கள், அவ்வளவுதான். ஒரு கட்டிலில் மூன்று பேர் மாறி மாறித் தூங்குகிறார்கள், நம்ம ஊர் பேச்சலர் ரூம் மாதிரியே. செட்டெல்லாம் சுமார்தான், கதவைச் சாத்தினால் சுவர் ஆடியது. ஆனால் பேச்சு! தமிழில் ஆரம்பித்து, பாதியில் கன்னடம் கலந்து, திட்டும்போது தெலுங்குக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். எங்கள் கேன்டீனில் தவிர வேறெங்கும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த ரிஜிஸ்டர்க்காரனுக்கு ஒரு பெண்டாட்டி, அவள் வேறு ஷிப்ட், வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்ளவில்லை. ரிஜிஸ்டரில் மிஷினைப் பற்றி எழுதுகிற வரிகளுக்குக் கீழே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அவன் ரூமுக்குப் போய், அவள் அப்போதுதான் எழுந்துபோன தலையணைக் குழியில் கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தான். ஒரு வசனம் கிடையாது. நான் கீழே பார்த்தால் என் கை கவிதாவின் தலையணை மேல் இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அன்று காலண்டர் தாளில் முதல்முறையாக நாலு வரி எழுதினேன், சேனல் நம்பரோடு. மறுநாள் அவளுடைய பதில் இருந்தது: "சாயங்காலம் ஏழு மணிக்கும் போடறாங்க. பாத்தேன். சாப்பாட்டுத் தட்ட வெச்சிக்கினு அப்பிடியே ஒக்காந்துட்டேன்." அதிலிருந்து தினமும் இரண்டு பக்கமும் எழுத்துதான், இடம் போதாமல் நாளைய தேதியையும் சேர்த்துக் கிழித்தோம். அவன் நல்லவனா, அவள் ஏன் கோபப்பட்டாள், கப்பல் போய்ச் சேருமா என்று எழுதிக்கொண்டே எங்களைப் பற்றியும் எழுத ஆரம்பித்திருந்தோம். "ஞாயித்துக்கெழம தூங்காதீங்க" என்று ஒருநாள் எழுதியிருந்தாள். நான் தூங்கவில்லை. ஒரு தொடரால் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள், நடந்தது.

இனிமேல்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஒரு புதன்கிழமை அவள் எழுதியிருந்தாள்: "அவன் ஏன் பட்டன்ல அட்டைய சொருவி வெச்சிருக்கான்? பாக்கவே ஆத்திரமா வந்துச்சி. யாராச்சும் எடுக்கச் சொல்லக்கூடாதா?"

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். காரணம் சொல்கிறேன். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அப்படி. ஆனால் வேகம் வராது. அதனால் நாங்கள் என்ன செய்வோம், இடது பட்டனில் அட்டையை மடித்துச் சொருகி, அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்துவிடுவோம். இடது கையால் தகட்டை உள்ளே பிடித்துக்கொண்டு வலது கையால் அமுக்கிக்கொண்டே போவோம். ஆபீசர் வந்தால் அட்டை பாக்கெட்டுக்குள் போய்விடும். இரண்டு மாதமாக நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், கவிதாவிடம் சொன்னதே இல்லை. தொடரில் அப்படி ஒரு காட்சியை நான் பார்க்கவும் இல்லை. காலையில் வந்ததைத்தான் சாயங்காலம் திருப்பிப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், இரண்டும் வேறு வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அந்த ரிஜிஸ்டர்க்காரன் பக்கத்துக் கதை வந்தது, கவிதாவுக்கு அவன் பெண்டாட்டி பக்கத்துக் கதை.

அன்று ஷிப்டில் அட்டையை எடுத்துவிட்டேன். பயமில்லை, ஏதோ மனசுக்குச் சரிப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி முழுக்க ஒன்றும் இல்லை. காலை ஆறே முக்கால், வெளிச்சம் வந்துவிட்டது, கடைசிப் பெட்டி. இரண்டு பட்டனையும் அமுக்கினேன், பிரஸ் இறங்கியது, ஏறியது, நான் கையை எடுப்பதற்குள் அதுவாகவே இன்னொரு தடவை இறங்கியது. அட்டை இருந்திருந்தால் என் இடது கை டைக்குள், அந்த இரும்பு அச்சுக்குள் இருந்திருக்கும். இதைச் சொல்லும்போது இப்போதும் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன், பாருங்கள்.

இப்படி ஆனால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், சிவப்பு அட்டை மாட்டி மிஷினை நிறுத்த வேண்டும். மிஷினைச் சரிபார்க்கிற பிட்டர் வரும்வரை ஆபரேட்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பிட்டர் வருவது எட்டரைக்கு. எட்டரை வரை இருந்தால் கம்பெனி பஸ் போய்விடும். பஸ் போனால் ஒன்பது மணிக் கப்பலும் போய்விடும்.

அதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு தடவைதானே தானாக இறங்கியது என்று நினைத்துக்கொண்டு, ரிஜிஸ்டரில் "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவன் மஞ்சுநாத். அத்திப்பள்ளிக்காரன், சின்ன வயது, அப்போது அவனுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். "கொஞ்சம் பாத்து ஓட்டுப்பா" என்றேன். "ஹோகு அண்ணா, பஸ் ஹோக்தாதே, நான் பாத்துக்கறேன்" என்றான், பஸ் போய்விடும், போ என்று கன்னடத்தில் விரட்டிச் சிரித்தான். நான் பஸ்ஸுக்கு ஓடும்போது அவன் பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஓடினேன்.

ஒன்பது மணிக்குத் தொடர் வந்தது. அவன் வேலையை முடித்து ரிஜிஸ்டரை எடுக்கிறான், "எல்லாம் சரி" என்று எழுதுகிறான், அவசரமாகப் போகிறான். அடுத்த ஆள் வருகிறான், முகத்தைக் காட்டவில்லை, கையை மட்டும் காட்டினார்கள். அந்தக் கை அட்டையை மடித்துப் பட்டனில் சொருகியது. அப்புறம் தகடு, பட்டன், தகடு, பட்டன். பின்னணி இசை கிடையாது, பிரஸ் சத்தம் மட்டும். பிறகு இன்னொரு கை வந்தது, வளையல் போட்ட கை. ரிஜிஸ்டரைத் திருப்பிப் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்ததும் படம் போய்விட்டது, நீலத் திரை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது பத்து.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. லுங்கியோடு பைக்கை எடுத்தேன். நானும் சாமி இல்லை என்கிறவன்தான், அன்றைக்கு அந்தப் பத்து கிலோமீட்டரும் எந்தச் சாமியைக் கூப்பிடாமல் விட்டேன் என்று எனக்கே தெரியாது. கேட்டில் செக்யூரிட்டி லுங்கியைப் பார்த்துத் தடுத்தான், தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன்.

மஞ்சு மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், முழுசாக. மிஷினில் சிவப்பு அட்டை தொங்கியது. டீ பிரேக் முடிந்து வந்து தற்செயலாக ரிஜிஸ்டரைப் பார்த்தானாம், உடனே நிறுத்திவிட்டானாம். பிட்டர் உள்ளேயிருந்து உடைந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக் காட்டி, "இன்னொரு பத்து தடவ எறங்கினா தாங்கியிருக்காது" என்றார். மஞ்சு என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ சொல்லலேன்னா என் கை போயிருக்கும் அண்ணா."

நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். என் "ஓகே"வுக்குக் கீழே ஒரு வரி: "இந்த மிஷின ஓட்ட வேணாம். ரெண்டு தடவ எறங்குது." நேரம் எழுதுகிற கட்டத்தில் 9.10. நான் போனில் சொல்லி சூப்பர்வைசர் எழுதினார் என்று மஞ்சு நினைத்தான், நான் கிளம்பும்போதே எழுதி நேரத்தைத் தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் போட்டேன் என்று சூப்பர்வைசர் நினைத்தார். எனக்கு சேஃப்டி சர்டிபிகேட் கொடுத்துக் கைதட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

செக்யூரிட்டியைத் தள்ளிவிட்டு ஓடியதில் அன்றைக்குப் போன் என்னிடமே இருந்தது, அந்த வரியைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கவிதாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள், நிறைய நேரம் பார்த்தாள்.

"ஏங்க, இது என் எழுத்து மாதிரியே இருக்குதே."

அந்த நேரத்தில் அவள் பத்து கிலோமீட்டர் தள்ளி, வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டு லைனில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பிரஸ் ஷாப்புக்குள் பெண்களை விடுவதே இல்லை. அவள் படத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

"மேல ஓகேன்னு இருக்கறது உங்க எழுத்துதானே?"

ஆமாம் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அன்று முழுக்க விழித்துத்தான் இருந்தோம், பேசிக்கொள்ளவில்லை.

அந்தத் தொடர் அப்புறம் வரவில்லை. அந்த நம்பரில் நீலத் திரைதான். கேபிள் பாஷா பாய் வந்து பார்த்துவிட்டு, "இந்த நம்பர் நம்மகிட்ட எப்பவுமே காலிதாம்பா" என்றார். அதன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டேன், ஒருவரும் பார்த்ததில்லை. எங்களோடு அது முடிந்திருந்தால் நான் மறந்துகூட இருப்பேன்.

ஆனால் இந்த யுகாதிக்கு மஞ்சு என்னையும் கவிதாவையும் வீட்டுக்குக் கூப்பிட்டான். அவன் பெண்டாட்டி ஒப்பட்டு, நம்ம போளிதான், சுட்டிருந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தது. மஞ்சு இடது கையில் தட்டை வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு துண்டைப் பிய்த்து நெய்யில் தொட்டு என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தான்.

"தின்னு அண்ணா. இது நீ குடுத்த கை."

கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவனுடைய இடது கையைப் பார்த்தேன், ஐந்து விரலும் தட்டின் விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தன. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் ஊட்டிவிட்டான்.