பின்மூடி இல்லாத கிட்டார்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களைச் சேர்ப்பதில் எனக்குப் பைத்தியம். அந்த நாதம் புதியவற்றில் வராது.

யுத்தகாலத்தில் ஒருநாள், உக்குவளையில் வாங்கிய பழைய கிட்டாருடன் நானும் மனைவி ரீட்டாவும் மாத்தளை பஸ்ஸில் வந்தோம். அதற்குப் பின்மூடி இல்லை. சோதனைச் சாவடியில் உறையைத் திறந்த இராணுவ வீரர், கிட்டாரின் பின்பக்கம் வயர்களைக் கண்டதும், குண்டென்று நினைத்துத் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நீட்டினார். பயணிகள் இறங்கி ஓடினார்கள்.

ரீட்டா நகரவில்லை. "மாத்தயா, ஐயா, இது பாட்டு சாமான். காத வச்சுக் கேளுங்க," என்று சிங்களத்தில் கெஞ்சியபடி தந்தியை மீட்டினாள். ஸ்பீக்கர் இல்லாததால் மெல்லிய சத்தமே வந்தது. அவர் குனிந்து கேட்டார். பிறகு, "போங்க," என்றார்.

பஸ் புறப்பட்டபோது எங்கள் அருகில் யாரும் உட்காரவில்லை.

இப்போதெல்லாம் மூடியைத் திருகி மூடாமல் எந்தக் கிட்டாரையும் நான் வெளியே எடுப்பதில்லை. ரீட்டா இன்னொரு துப்பாக்கியின் முன் நிற்க வேண்டாமென்று, அவளை உடன் அழைத்துப் போவதுமில்லை.