சோடியம் என்று சொன்ன கீ

முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளியில் நடந்த ஒரு திருப்புதல் தேர்வை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் கிடைப்பது என்ன? ஒரு மதிப்பெண் கேள்வி. தலைமையாசிரியர் கைடைப் பார்த்துத் தயாரித்த விடைக்குறிப்பில், அதாவது கீயில், 'சோடியம்' என்று இருந்தது. வகுப்பே அதைத்தான் எழுதியிருந்தது. சுமதி மட்டும் 'ஹைட்ரஜன்' என்று எழுதியிருந்தாள். தப்பு என்று சிவப்பு மையில் அடித்தேன். மொத்தம் ஐம்பத்தொன்பது வந்தது. இந்தத் தேர்வில் அறுபது எடுக்காதவர்களுக்கு பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் கிடையாது என்பது தலைமையாசிரியர் போட்ட சட்டம்.

மறுநாள் அவள் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், பேட்டரி, இரண்டு பென்சில் முனைகளுடன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். மஞ்சள்தூள் கலந்த உப்புத் தண்ணீரில் முனைகளை விட்டாள். எதிர்மின்வாயில் குமிழி கிளம்பியது. அதைச் சுற்றி மஞ்சள் சிவந்தது.

"சோடியம் தண்ணில பட்டா தீப்பிடிக்கும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? இங்க குமிழிதான வருது?"

அவள் சொன்னது சரி. உருக்கிய உப்பில்தான் சோடியம் கிடைக்கும். கரைசலில் சோடியத்தை முந்திக்கொண்டு தண்ணீர் எலக்ட்ரானை வாங்கிவிடும். ஹைட்ரஜன் வெளியேறும், காரம் மிஞ்சும். மஞ்சளைச் சிவக்க வைப்பது அந்தக் காரம். இதைக் காட்டும் கருவி எங்கள் லேபிலேயே இருந்தது. உடைந்தால் இன்ஸ்பெக்‌ஷனில் யார் பதில் சொல்வது என்று பெட்டியைப் பிரிக்காமலே பூட்டி வைத்திருந்தோம். வெட்கக்கேடு.

டம்ளரைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"கீல உள்ளதுக்குத்தான் மார்க்கு. இம்புட்டுக்குப் போயி எதுக்கு டீச்சர் வம்பு?" என்றார்.

"அந்தப் பிள்ளை படிப்பு உங்களுக்கு இம்புட்டா சார்? கீயை மாத்துங்க. இல்லேன்னா இந்த டம்ளரோட டி.இ.ஓ. ஆபீசுக்குப் போறேன்."

அவர் முகம் கறுத்தது. கீயை வாங்கித் திருத்தினார். சுமதிக்கு அறுபது ஆனது.

விடைத்தாளைக் கொடுத்தபோது அவள் கேட்டாள். "இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தப்புப் போட்டீங்களா?"

கைடு எழுதியவனையும் கீ போட்டவரையும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். தெரிந்தே சிவப்பு மையில் அடித்தது என் கை. புதிதாக வரும் ஆசிரியர்களே, கீயைத் தொடும் முன் லேபைத் திறவுங்கள்.