கிடாரத்துக்குள் விழுந்த வாக்குகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்கள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவளில்லை. கோயில் விஷயத்தை வெளியே எழுதினால் யார் மனமாவது நோகுமோ என்ற பயமும் இருந்தது. ஆனால் போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் சோறு வடிக்கத் தூக்கியபோது, பெரிய சமையல் கிடாரத்தின் மூடி நழுவி விழுந்து 'டங்' என்றது. அந்தச் சத்தத்தோடு என் லண்டன் அக்காவின் சிரிப்பும் காதில் விழுந்தது. முருகன் துணையிருப்பான் என்று தொடங்கிவிட்டேன்.

லண்டன் அக்கா என் பெரியம்மாவின் மகள். அங்கே ஒரு சலவைக் கடையில் வேலை செய்தவர். பிரித்தானிய லிபரல் கட்சியில் உறுப்பினர். தேர்தல் வந்தால் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போடுவார். அரசியல் பேசத் தொடங்கினால் எதிரே இருப்பவரின் தேநீர் ஆறிவிடும். அவர் திருவிழா பார்க்க, நாங்கள் வாழும் ஜெர்மன் நகரான டோர்ட்மண்டுக்கு வந்த வருடம், எங்கள் கோயில் இரண்டாக உடையும் நிலையில் இருந்தது.

பழைய தலைவர் உடல்நலமில்லாமல் விலகியிருந்தார். அதுவரை தலைவரைத் தெரிவு செய்தவர்கள் நிர்வாகத்தில் இருந்த சில ஆண்கள்தான். சமையலறைக்குப் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். வெளியே வரும்போது ஒருவர் கழுத்தில் மாலை இருக்கும். அந்த முறை கதவு திறந்தது, மாலையைக் காணவில்லை. பாதிப் பேர் பலசரக்குக் கடை அண்ணைக்கு ஆதரவு, மீதிப் பேர் பஸ் ஓட்டும் அண்ணைக்கு. தோற்றால் வேறு மண்டபம் எடுத்து வேறு கோயில் தொடங்குவோம் என்றன இரண்டு பக்கமும். நாங்கள் கடை அண்ணையின் பக்கம். என் கூடப்பிறந்த தம்பியோ மற்றப் பக்கம். நேரே கண்டாலும் அவன் என்னோடு பேசுவதில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரே முருகனை இரண்டு இடத்தில் கும்பிடப் போகிறோமே என்று சாமியறையில் நான் அழாத நாளில்லை.

என் முகத்தைப் பார்த்தே அக்கா பிடித்துவிட்டார். "எங்கட கட்சியிலயும் முந்தி இப்பிடித்தான் பிள்ளை. பாராளுமன்றத்துக்குள்ள இருந்த எம்.பி.மார் மட்டும் கூடித் தலைவரைத் தெரிவு செய்தவை. பிறகுதான் உறுப்பினர் எல்லாருக்கும் வாக்கு வந்தது. தலைவர் போட்டியில நிக்கிறவர் எம்.பி.யா இருக்கோணும். ஆனா அவருக்கும் ஒரு வாக்கு, உடுப்புத் தோய்க்கிற எனக்கும் ஒரு வாக்கு. தபால்ல சீட்டு வந்தா, சாமிப் படத்துக்கு முன்னால வைச்சுத்தான் எடுக்கிறனான்!"

அதோடு நிற்கவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, சந்தா கட்டும் எல்லாருக்கும், பெண்களுக்கும், ஆளுக்கொரு வாக்குக் கொடுங்கள் என்றார். பெயர்களுக்கு எதிரே விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட வேண்டுமாம். "உங்கட ஆள் தோத்தாலும் உங்கட இரண்டாவது விருப்பம் உயிரோட இருக்கும்."

"இது கோயில் அக்கா, லண்டன் பாராளுமன்றமில்லை," என்றார் கடை அண்ணை.

"அங்கயே கதவைத் திறந்திட்டினம் அண்ணை. நீங்கள் ஏன் இன்னும் பூட்டி வைச்சிருக்கிறியள்?"

பெண்கள் பக்கம் எழுந்த கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அந்த வேகத்திலேயே தமிழ்ப் பள்ளி ஆசிரியையின் பெயரை மூன்றாவது வேட்பாளராகச் சொல்லிவிட்டோம்!

இரண்டு பக்கமும் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டன; வெளியாள் என்பதால் எண்ணும் பொறுப்பை அக்காவிடமே கொடுத்தார்கள். "சீட்டில இலக்கம் மட்டும். வேற அடையாளம் இருந்தாச் செல்லாது. ஆர் போட்ட சீட்டெண்டு பிடிச்சிடுவினம்."

"ஒரு புள்ளி கூடப் போட ஏலாதோ?" என்று கேட்டான் தம்பி. பார்சல் நிலையத்தில் வேலை செய்பவன்; அவனுக்குச் சட்டமென்றால் சட்டம்தான்.

"ஏலாது ராசா."

வாக்குப் பெட்டிக்கு எங்கே போவது? அன்னதானக் கிடாரத்தைக் கழுவித் துடைத்து வைத்தோம். ஒவ்வொரு சீட்டுக்கும் மூடி திறந்து 'டங்' என்று மூடியது.

அக்கா முதல் சீட்டை விரித்தார். உச்சியில் பிள்ளையார் சுழி! இரண்டாவதிலும் சுழி. மூன்றாவதிலும், அடுத்தடுத்து வந்தவற்றிலும் சுழி. வெள்ளைத் தாளைக் கண்டதும் எங்கள் கை தன்பாட்டில் போட்டிருந்தது. நானும்தான் போட்டிருந்தேன். "ஒண்டும் செல்லாது!" என்று யாரோ கத்தினார். கோயில் உடைந்தது என்றே நினைத்தேன்.

அக்கா கண்ணீர் வரச் சிரித்தார். "எல்லாத்திலயும் பிள்ளையார் இருந்தா, ஆர் போட்ட சீட்டெண்டு எப்பிடிப் பிடிக்கிறது? எல்லாம் செல்லும்!"

பிறகு ஒரேயொரு சீட்டு மட்டும் சுழி இல்லாமல் வந்தது. அதை உயர்த்திப் பிடித்தார். மண்டபமே, சட்டம் கேட்ட தம்பியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவன் காது சிவந்தது. பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "நீங்களும் சுழி போட்டனீங்களோ அக்கா?" என்று கேட்டான்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. "ஓமடா," என்றேன்.

முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. ஆகக் குறைந்த வாக்கு எடுத்த பஸ் அண்ணையின் சீட்டுகளை இரண்டாம் விருப்பப்படி பிரித்தபோது, ஏறக்குறைய எல்லாம் ஆசிரியைக்குப் போய், அவரே தலைவரானார். பெண்கள் குரவையிட்டோம். கடை அண்ணையே மாலையை எடுத்துக் கொடுத்தார். "பிள்ளையாரே இத்தனை வாக்குப் போட்ட பிறகு நான் என்ன செய்ய?" என்றார். கோயில் உடையவில்லை.

அக்கா இன்று இல்லை. கிடாரம் இருக்கிறது. தலைவர் தெரிவு நாளில் அதில் வாக்கு விழுகிறது, மற்ற நாளில் சோறு வேகிறது. போன வெள்ளி மூடி விழுந்தபோது, கிடாரத்தின் மறுபக்கக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தவன் என் தம்பிதான்.

வாசிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தச் சுழி இல்லாத சீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.