நூல் மூட்டைகளுக்கு அடியில் கிடந்த கார்

இருபத்திரண்டு வருடம் சரக்கு ரயில் ஓட்டிய என்னை ஒரு கண் பரிசோதனைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தூரத்து விளக்கின் நிறம் எனக்குச் சரியாகப் பிரியவில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். பகலில் சாலையில் வண்டி ஓட்டலாம், ரயில் மட்டும் ஆகாது என்றார். அரக்கோணத்தில் ஒரு அறையில் மற்ற டிரைவர்களின் லீவு விண்ணப்பங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைக்கிற வேலை கிடைத்தது. மேலே மின்விசிறி, பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். ஒவ்வொரு வண்டி போகும்போதும் எழுந்து நின்றுவிடுவேன். எதிர் சீட்டுக்காரர் முதலில் சிரித்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். திருத்தணியில் எங்கள் வீட்டுக் கூடம் பன்னிரண்டு தப்படி. அதை ஒரு மாலையில் எத்தனை தடவை கடப்பேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான என் மனைவி விடைத்தாளைத் திருத்திக்கொண்டே சொல்வாள்: "ஒரு இடத்துல உட்காருங்க. நீங்க நடந்துகினே இருந்தா எனக்கு மார்க்கு தப்பாப் போவுது."

மனைவியின் தம்பி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவன். அவனுக்கு வேட்டி எடுக்க ஆர்.கே.பேட்டைக்குப் போகவேண்டியிருந்தது. வீட்டில் நடந்துகொண்டிருப்பதற்குப் பதில் பஸ்ஸிலாவது போகலாம் என்று நானும் போனேன். அங்கே ஒரு தறிக்கூடத்தில் அவன் வேட்டிக் கரை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வழக்கம்போல நிற்காமல், தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் நுழைந்தேன். நூல் மூட்டைகளுக்கு அடியில் ஒரு வட்ட விளக்கு தெரிந்தது. இரண்டு மூட்டையைத் தள்ளினேன். நீண்ட மூக்கு, கம்பி கம்பியாய்ப் பிரிந்த சக்கரம், கூரை இல்லாத இரண்டே இரண்டு இருக்கை. பச்சை வர்ணம் வெயிலில் காய்ந்த பாசிபோல உரிந்திருந்தது.

தறிக்கூடத்துக்காரர் பின்னாலேயே வந்தார். "எங்க நைனா மெட்ராஸ்ல ஒருத்தர் கிட்ட வாங்கினது சார். இங்கிலாந்து வண்டி. நாலு மாசம் ஓட்டினாரு. முதுகு பிடிச்சிக்கினுச்சி, நிறுத்திட்டாரு. நான் பொறந்ததிலிருந்து இது இங்கதான் நிக்குது."

"குடுப்பீங்களா?"

"எதுக்கு சார்? ஓடாது."

நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். இருக்கைத் தோல் கிழிந்து ஸ்பிரிங் தொடையில் குத்தியது. ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அது ஒரு விரல் அளவு ஆடியது. அந்த ஆட்டம் போதுமாக இருந்தது. அன்றைக்கு அங்கே பத்து நிமிடம் எழுந்திருக்காமல் இருந்தேன் என்று மைத்துனன் பிறகு சொன்னான்.

மனைவியிடம் சொல்லப் பயந்துகொண்டே சொன்னேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப சரி."

டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, கே.ஜி.கண்டிகையில் மைத்துனனின் நிலத்து ஓரம் இருந்த தகரக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினோம். அங்கே எதிரிலேயே ஒரு டிராக்டர் மெக்கானிக் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார், பொருந்தவில்லை. அடுத்த அளவு, அதுவும் இல்லை.

"இன்னா சார் இது, மில்லிமீட்டரும் இல்ல, இஞ்சும் இல்ல. எந்தக் காலத்து அளவு?"

வெள்ளைக்காரன் காலத்து அளவு. எனக்குத் தெரியும். நீராவி என்ஜின்களின் போல்ட்டுகள் அந்த அளவில்தான் இருந்தன என்று பெரிய டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அரக்கோணத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று சாயங்காலம் தேடி, துருப்பிடித்த ஏழு ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். முதல் போல்ட் கழன்றபோது மெக்கானிக் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

என்ஜின் ஜாம் ஆகியிருந்தது. பிளக் ஓட்டைகள் வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றினார். "இனிமே நாம செய்ய ஒண்ணுமில்ல. தினம் வந்து கியர்ல போட்டு முன்னும் பின்னும் லேசா ஆட்டுங்க. லேசா. அது மனசு வெச்சா விடும்."

"எத்தினி நாளு?"

"அதைக் கேக்காதீங்க."

காத்திருப்பதுதான் எனக்கு வராத வேலை. ஆபீஸ் விட்டு ரயிலில் வந்து, பஸ் பிடித்துக் கொட்டகைக்குப் போய், வண்டியை ஆட்டுவேன். பிஸ்டன் அசையாது. வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. இரண்டு வாரம் தாங்கினேன். ஒருநாள் மெக்கானிக் வெளியே போயிருந்த நேரத்தில், என்ஜினைக் கையால் சுற்றுகிற முன்பக்கக் கைப்பிடியை மாட்டி, அதில் ஒரு நீளக் குழாயைச் செருகி, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினேன். டப்பென்று சத்தம். என்ஜின் சுற்றவில்லை. கைப்பிடி மாட்டுகிற பல் உடைந்து தெறித்துவிட்டது. நான் தரையில் கிடந்தேன்.

மெக்கானிக் வந்தார். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், நீங்க ரயில் ஓட்டினவரு. சிக்னல் விழாம வண்டிய எடுப்பீங்களா?"

அவருக்கு விஷயம் தெரியாது. நானே விரும்பி ரயிலை விட்டு ஆபீஸ் வேலைக்கு வந்தவன் என்று நினைத்திருந்தார். முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். கண் டாக்டரின் இருட்டறை, புள்ளி புள்ளியாய் விளக்குகள், நான் சொன்ன தவறான பதில், அவர் மறுபடி கேட்டது, நான் மறுபடி அதே தவறைச் சொன்னது. அதை அதுவரை மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பரிசோதனையில் தவறிவிட்டேன் என்று ஒரு வரியில் முடித்திருந்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இத்த லேத்துல குடுத்தா புதுசு செஞ்சு தருவாங்க," என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கும் வாங்க," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைத்துனன் மலையிலிருந்து இறங்கி வந்து பொங்கல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் பழக்கத்தில் வண்டியை ஒரு தள்ளு தள்ளினேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. மறுபடி தள்ளினேன். என்ஜின் முன்னால் இருந்த காற்றாடி கட்டைவிரல் அகலம் சுற்றியது.

"பாவா, சாப்டுட்டுத் தள்ளுங்க," என்றான் அவன். நான் சாப்பிடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட எதிர்ப்பக்கம் ஓடினேன்.

அதன் பிறகு எட்டு மாதம். தரைப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. தச்சர் ஒருவர் வேங்கைப் பலகையில் புதிதாகப் போட்டார். பிரேக் ரப்பர்கள் கல்லாகியிருந்தன, கார்புரேட்டர் இரண்டும் அடைத்திருந்தன. மற்ற வண்டிகளைப்போல மைனஸ் இல்லை, அந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ் பக்கம்தான் பாடியில் சேரும். நான் அவசரத்தில் தலைகீழாக மாட்டி கரண்ட்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டியைக் கருக்கினேன். மெக்கானிக் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வேறொன்றைத் தேடிப் பொருத்தியிருந்தார். ஒரு சாயங்காலம் என்ஜின் பிடித்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் இருமுகிற மாதிரி முதல் சத்தம். பிறகு சீராக நின்றது. மெக்கானிக் காதை பானெட்டின் மேல் வைத்தபடி வெகுநேரம் குனிந்திருந்தார்.

பேப்பர்கள் என் பெயருக்கு மாறி வந்த வாரம், ஒரு சனிக்கிழமை, மனைவியிடம் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். வடக்கே, பொன்பாடி தாண்டி, ஆந்திராவுக்குள். எங்கே என்று முடிவு செய்யவில்லை. நாற்பதில் போனேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. ரயிலில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தே பழகியவனுக்கு அது புதிது. ஒரு கிளைச்சாலையில் திரும்பினேன். அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது.

நின்றேன். சரக்கு ரயில் வந்தது. என்ஜின் ஜன்னலில் இருந்த டிரைவர் இளவயதுக்காரர். திறந்த காரைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பெட்டிகளை எண்ணினேன், பழக்கதோஷம். ஐம்பத்தெட்டு. கடைசிப் பெட்டி போனதும் கேட் திறந்தது. என்னால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. பின்னால் ஹாரன். நின்ற இடத்திலேயே ஓடிய என்ஜின் சூடேறி, ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது. இரண்டு பேர் இறங்கி வந்து வண்டியை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். தெலுங்கில் ஏதோ கேட்டார்கள். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மனைவிக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் வந்து, மீதி தூரம் ஆட்டோவில் வந்தாள். கையில் இரண்டு பாட்டில் தண்ணீர். என் முகத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"எங்க போறதா கிளம்பினீங்க?"

"தெரியல."

"ஓடாதுன்னுதானே நான் சரின்னேன். ஓடிச்சின்னா நீங்க இப்டி போயிடுவீங்கன்னு தெரியும்." அவள் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "போவாதீங்கன்னு சொல்லல. சொல்லிட்டுப் போங்க."

"சொன்னா விட்டிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

அந்தப் பதிலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சூடு ஆறக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் அந்த இருட்டறையைப் பற்றி அவளிடமும் சொன்னேன். "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. அதுதான் சிக்கல். செய்ய ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், அடைப்பே இல்லாத கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிடுகிறேன். மெக்கானிக் எதிரிலிருந்து பார்த்துவிட்டு, "மறுபடியுமா சார்?" என்பார். ஆபீஸில் நாற்காலி அப்படியே இருக்கிறது, ரயில் போனால் எழுந்து நிற்பதும் அப்படியே. எதிர் சீட்டுக்காரரிடம் ஒருநாள் காரணத்தைச் சொன்னேன். இப்போதெல்லாம் அவரும் எட்டிப் பார்த்து எத்தனை பெட்டி என்று கேட்கிறார்.

மனைவி போன கோடை விடுமுறையில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தாள். பாதி ஞாயிறுகளில் அவள்தான் ஓட்டுகிறாள். என்னைவிட மெதுவாக, என்னைவிட நன்றாக. நான் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால், பிரேக் இல்லாத வெறும் பலகையை அழுத்துகிறது. போன வாரம் அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"காலை எடுங்க," என்றாள்.

எடுத்தேன். அடுத்த வளைவு வரைக்கும்.