ரபீகாவின் தேயிலைப் பேணி

மௌசில் கையை வைக்கச் சொல்லிவிட்டு ரபீகா திரையைப் பார்க்கமாட்டார். எதிரில் இருப்பவரின் விரல்களைத்தான் பார்ப்பார். திரையில் ஓடும் சீடியில் ஒரு கார்ட்டூன் வைத்தியர், காலையில் கை விறைக்கிறதா என்று தமிழில் கேட்டு, விடையை இருமுறை அழுத்தச் சொல்லிச் சிரித்துக்கொண்டு நிற்பார். மூட்டுவாதக்காரருக்கென்று அந்தச் சீடியைச் செய்த புண்ணியவானுக்கு, மூட்டுவாதக்காரரால் மௌசை இருமுறை அழுத்த முடியாது என்பது மட்டும் தோன்றவில்லை. விரல் தடுமாறினால் ரபீகாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இதத்தான் டொக்டர்கிட்ட செல்லணும்" என்பார்.

மஹய்யாவவில் அவருடைய கொமியுனிகேஷன் கடைக்குப் போன் பேசவோ போட்டோ பிரதி எடுக்கவோ போனால் என்னைப் போன்ற முழங்கால் வாதக்காரன் சும்மா திரும்ப முடியாது. வடக்கில் சண்டை, கண்டியில் பஸ்ஸுக்குப் பஸ் சோதனை. ஒருவரும் அநாவசியமாக வெளியே தங்காத இந்த நாட்களிலும் அந்தக் கடையில் கதிரை காலியாக இருப்பதில்லை. ரபீகா விசைப்பலகையைப் பேனாவின் பின்பக்கத்தால் தட்டுவார். பெரிய ஸ்டைல் என்று நாங்கள் கேலி செய்வோம்.

கிளினிக் நாளில் நாங்கள் சுடுதண்ணீரில் குளித்து, எண்ணெய் தேய்த்து, நோவை அடக்கும் மாத்திரையும் போட்டுக் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போவோம். பெரிய டொக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்றதும் "பரவால்ல சேர்" என்போம். அது மரியாதை. ரபீகாவின் உம்மா அந்த மரியாதையைக் காப்பாற்றியே விரல்கள் மடங்கி, கடைசியில் சோற்றைக்கூட அள்ளமுடியாமல் கிடந்தவர். "பரவால்லன்னு செல்லுறதுன்டா ஊட்டுலயே இரிங்க" என்று ரபீகா எங்களைக் கடிவது அந்தக் கோபத்தில்தான்.

போன மாதம் அகப்பட்டவர் அம்பிட்டியவில் இருக்கும் சரோஜினிதேவி டீச்சர், யாழ்ப்பாணத்தவர். இரண்டு தடவை கிளினிக் போய், நல்ல சுகம் என்று சொல்லி, வெறும் நோ மாத்திரையோடு திரும்பியவர். விரல்கள் பக்கமாகச் சாயத் தொடங்கிவிட்டன. இந்த முறையும் வாய் பிசகினால் டீச்சரின் கையும் உம்மாவின் கையாகிவிடும் என்று ரபீகா தவித்துப்போனார். ஒரு விடிகாலை அம்பிட்டியவுக்கே போய், டீச்சர் தேயிலைப் பேணியின் இறுகிய தகர மூடியோடு மல்லுக்கட்டுவதைக் கமரா போனில் படம் பிடித்தார். கிளினிக் நாளில் குளித்து மினுக்கக்கூடாது என்று கட்டளை போட்டு, தன் போனையும் அந்தப் பேணியையும் பையில் வைத்து அனுப்பினார்.

வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தைக் கண்ட சிப்பாய் பேணியைத் திறக்கச் சொன்னானாம். டீச்சரால் முடியவில்லை. அவன் நாலடி பின்னுக்குப் போய்த் துப்பாக்கியை நிமிர்த்தினான். இன்னொருவன் வந்து மூடியைக் கழற்றினால், உள்ளே தேயிலை. இவ்வளவு பட்டும் டொக்டரின் முன்னால் தன் வாய் நல்ல சுகம் என்றே சொல்லிவிட்டதாக டீச்சர் பிறகு கடையில் வந்து ஒப்புக்கொண்டார். உடனே பேணியை மேசையில் வைத்துப் போனை நீட்டியிருக்கிறார். டொக்டர் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பிப் புது மருந்தும் எழுதிவிட்டார்.

ரபீகாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் பேணியை அவர் முன்னால் வைத்தார்.

"திறவும் பிள்ளை, தேத்தண்ணி குடிப்பம்."

ரபீகா பேனாவை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினார். பேனா நழுவியது. பேணியை என் பக்கம் தள்ளிவிட்டு, வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். அந்தப் பேனாத் தட்டலை எத்தனை நாள் கேலி செய்திருப்போம்; எனக்கு வெட்கமாக இருந்தது.

"எப்ப தொடக்கம்?" என்றார் டீச்சர்.

"பரவால்ல டீச்சர்."

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்னவென்று அவருக்கே உறைத்தது. டீச்சர் போனைத் தன் சாய்ந்த விரல்களுக்கிடையில் இடுக்கி, கமராவை ரபீகாவின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ரபீகா தலைப்பை விலக்கி, கையை மெல்ல எடுத்து மேசையில் வைத்தார்.