கருவேலன் எழுதிய ஒன்பது கட்டம்

தங்கச்செல்வியின் மந்திரவாதி மதுரையில் குடியிருக்கிறான். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடி. பெயர் கூடலிங்கம். பழைய ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல் போய் போலீஸிடம் மாட்டுவான். மேம்பாலத் தூண்களுக்குள் அடைபட்ட பேய்களுக்காக வழக்குப் பேசுவான். லிஃப்டில் ஏறினால் இல்லாத மாடியில் இறங்குவான். வாரம் ஒரு அத்தியாயமாகச் செல்போன் செயலியில் முப்பத்தெட்டு வந்துவிட்டது. எழுதுகிறவர் பெயர் கருவேலன். வாசகர்கள் அவரை 'சார்' என்பார்கள்.

அந்தக் கருவேலன் பாளையம்பட்டி ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் முப்பத்து நான்கு வயதுத் தங்கச்செல்வி என்பது அவருடைய கணவருக்கே தெரியாது. பட்டா நகலுக்கும் ஆதார் திருத்தத்துக்கும் நடுவில், கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கட்டைவிரலால் எழுதுவார். பேய், சூனியம் எதையும் நம்புகிறவர் இல்லை. நம்புகிறவளாக இருந்தால் பயந்துகொண்டே எழுதியிருப்பேன், இல்லை என்று தெரிந்ததால்தான் பேயை இஷ்டத்துக்கு வேலை வாங்க முடிகிறது என்று நினைத்துக்கொள்வார்.

பதினோராம் அத்தியாயத்தில் கூடலிங்கத்துக்கு ஒரு மந்திரத் தகடு தேவைப்பட்டது. ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எண். எந்த எண்ணைப் போடுவது என்று யோசித்தபோது வீட்டு மீட்டர் பெட்டியில் செருகியிருந்த மின்சார அட்டை கண்ணில் பட்டது. தன் புது வீட்டு இணைப்பு எண்ணின் கடைசி ஒன்பது இலக்கங்களை வரிசையாகப் போட்டுவிட்டார்.

அந்த ஒன்பது இலக்கங்களைக் காட்டித்தான், பரளச்சிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் ஈஸ்வரி. தங்கச்செல்வியின் கணவர் அருண்பாண்டியனுக்கு அக்காள். கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கு வந்தவர். வீட்டின் பின்கட்டும் மூன்று ஏக்கர் கரிசலும் அவருக்கு அப்பா எழுதிவைத்தவை. முன்கட்டில் மூத்த அண்ணன் முத்துராமலிங்கம் இருக்கிறார். அவருடைய மகள் ஜெகதீஸ்வரிக்கு நிச்சயம் இரண்டு முறை நின்றது. போர்வெல் போட்டதில் புழுதிதான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டதைக் கொடுக்க முடியாததால் நின்ற நிச்சயங்கள் அவை. அறுநூறு அடியிலும் தண்ணீர் இல்லாத பூமி இது. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி இருளாண்டி. ரத்த உறவு வைத்த செய்வினை என்று சொல்லிப் பின்கட்டைக் கைகாட்டினார்.

இந்தக் கை ஏன் எப்போதும் தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டைப் பார்த்தே நீள்கிறது? புருஷனும் வளர்ந்த இரண்டு மகன்களும் இருக்கிற வீட்டு அடுப்படியில் செய்வினை கிடைத்ததாக இந்த வட்டாரத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கச்செல்வி போய்ச் சேர்ந்தபோது ஊரே முற்றத்தில் நின்றது. ஈஸ்வரியின் அடுப்படியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. இருளாண்டி உள்ளே கையை விட்டு ஒரு செம்புத் தகட்டை எடுத்தார். துடைத்து உயர்த்திக் காட்டினார்.

"மூணு வருசமா மண்ணுக்குள்ள கெடந்து இந்தக் குடும்பத்தத் தின்னுருக்கு."

முத்துராமலிங்கம் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. "பொழுது சாயுறதுக்குள்ள எடத்தக் காலி பண்ணிரு. நெலத்த நான் பாத்துக்கிறேன்."

"ஏண்ணே, இந்த அடுப்புலதான உன் மகளுக்கும் சேத்துப் பொங்குனேன்? அப்ப எல்லாம் இனிச்சுச்சா?" என்றார் ஈஸ்வரி.

தகடு கைமாறி வந்தது. தங்கச்செல்விக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தார். அதே ஒன்பது எண்கள், அதே வரிசை. சொன்னால் கருவேலன் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். மருமகள் பேய்க்கதை எழுதுகிறாள் என்றால் போனைப் பிடுங்கி வைக்கிற குடும்பம். சொல்லாவிட்டால் மதினி ஈஸ்வரி பொழுது சாயும்போது தெருவில்.

"அத்தான், இது எங்க வீட்டு கரண்டு நம்பரு" என்றார் முத்துராமலிங்கத்திடம்.

"ஏத்தா, வெயில்ல நடந்து வந்தியா?" என்று யாரோ கேட்க, நாலு பேர் சிரித்தார்கள்.

தங்கச்செல்வி போனில் மின்வாரியம் அனுப்பிய மெசேஜைக் காட்டினார். அடுத்து பதினோராம் அத்தியாயத்தைக் காட்டினார். "இந்தக் கதைய எழுதுனதே நான்தான். கட்டத்துல நம்பரு போட்டதும் நான்தான். இவரு பாத்து எழுதியிருக்காரு."

இருளாண்டி அசரவில்லை. "பாத்து எழுதுனது நான் இல்ல. உன் நாத்துனா. உன் கதையப் படிச்சுட்டுப் புதைச்சிருக்கா."

"எப்பப் புதைச்சாக?"

"அதான் சொன்னேனே, மூணு வருசம்."

"எங்க வீட்டுக்குக் கரண்டு வந்தே ஒண்ணேகால் வருசந்தான் ஆகுது. மூணு வருசத்துக்கு முன்னாடி இந்த நம்பரே பெறக்கல. பெறக்காத நம்பர எங்க மதினி எப்படிப் புதைச்சாக?"

சிரித்தவர்கள் இருளாண்டியின் பக்கம் திரும்பினார்கள். டீக்கடை பொன்னுச்சாமி, "கோடாங்கி, கரண்டு ஆபீசுக்கும் நீதான் நம்பரு எடுத்துக் குடுக்கியா?" என்றார்.

நியாயப்படி விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூடத்தனம் தனக்கு எதிரான சாட்சியையும் தின்று கொழுக்கும். இருளாண்டி தங்கச்செல்விக்கு நேரே விரலை நீட்டினார்.

"எழுதுனது இவ கை. எழுதுனது மண்ணுக்குள்ள வெளைஞ்சிருக்கு. வாக்குப் பலிச்சிருச்சு பாத்துக்கங்க! சூனியக்காரியே இவதான்!"

இரண்டு பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"நான் எழுதுனா பலிக்குமா? மதுரையில ஏழு நாளு அடைமழைன்னு எழுதுனேன். ஒரு தூத்தல் விழுகல. ஒரு பாலத்த இடிச்சேன். நேத்து அதுமேலதான் பஸ்ஸுல போனேன். பலிக்கும்னா மொதல்ல உங்க வாய அடைக்கிற மாதிரில்ல எழுதியிருப்பேன்?"

கூட்டம் இந்த முறை அவர் பக்கம் சிரித்தது. தகட்டைச் சுடுகாட்டில் எரிக்க வேண்டும் என்று இருளாண்டி கை நீட்டினார். தங்கச்செல்வி அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "இது திருச்சுழி ஸ்டேசனுக்குப் போகுது. கேக்க வேண்டியத அங்க வந்து கேளுங்க."

இருளாண்டி உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியேறினார்.

அதற்குள் யாரோ எடுத்த வீடியோ தூத்துக்குடிக்குப் போய்விட்டது. லோடு இறக்கப் போயிருந்த அருண்பாண்டியன் போனில் வந்தார்.

"ஏய், கருவேலன் நீயா?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"லோடு எறக்கக் காத்துக் கெடக்கயில பயகளுக்கு நாந்தான்டி சத்தம்போட்டு வாசிச்சுக் காட்டுவேன்! அந்த லிஃப்டுக்குள்ள மாட்டுனவன் என்னடி ஆனான்?"

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன். மொதல்ல இங்க வேலை கெடக்கு."

முத்துராமலிங்கம் யாரையும் பார்க்காமல் முன்கட்டுக்கு நடந்தார். ஈஸ்வரி குறுக்கே போய் நின்றார்.

"குழிய யாருண்ணே மூடுவா?"

"நாளைக்குக் கொத்தனார வரச்சொல்றேன்."

"கொத்தனாரு எதுக்கு? தோண்டச் சொன்னது நீ. இன்னைக்கே நீயே மூடு."

"தம்பி பொண்டாட்டி பாக்க என்னைய மண்ணு அள்ளச் சொல்றியா?"

"ஊரு பாக்க என் அடுப்படியத் தோண்டுனியே, அது?"

மகள் ஜெகதீஸ்வரி மண்வெட்டியைக் கொண்டுவந்து அப்பாவின் காலடியில் போட்டுவிட்டு அத்தைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். முத்துராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மண் விழத் தொடங்கியதும் ஈஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்தார்.

"நல்லா மிதிச்சு விடுண்ணே. அடுப்பு ஆடக் கூடாது."